சீ ஹாக் 1971-இல் காலாவதியான விமானமா?

4 டிசம்பர் 2021: வாசகர் ஒருவரின் கேள்வி

1971 இந்திய-பாகிஸ்தான் போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக் கட்டுரைகளில், விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக் விமானங்களை வானளாவப் புகழ்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1960-இலேயே முன்னணியிலிருந்து விலக்கிவிட்ட விமானம் அது. ஒலியின் வேகத்தை எட்டாது, ரேடார் கிடையாது, ஏவுகணை கிடையாது. எதிர்த்து ஏற ஒரு விமானமும் இல்லாத ஊரில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியதில் என்ன சாதனை இருக்கிறது? அந்த விமானத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

4 டிசம்பர், இரவு

நான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் 1971-இல் அந்தக் கப்பலில் நான் இல்லை. போர் முடிந்த பிறகு கடற்படையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, கோவா டபோலிமில் 300-ஆம் படைப்பிரிவின் எஞ்சின் பிரிவுக்கு வந்தவன் நான். போர்க்காலத்தில் அந்த விமானங்களை ஏவியவர்களும் பழுது பார்த்தவர்களும் அப்போது எனக்கு மேலே இருந்தார்கள். ஆகவே நான் எழுதுவதில் ஒரு பகுதி என் கை பட்டது, மறு பகுதி என் காதில் விழுந்தது.

காலண்டரை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. சிட்னி காம் வடிவமைத்த இதன் மூல முன்மாதிரி 1947 செப்டம்பர் 2 அன்று முதன்முதலாகப் பறந்தது. நம்முடைய 300-ஆம் படைப்பிரிவு வேல்ஸில் உள்ள பிராடி விமானத்தளத்தில் 1960 ஜூலை 7 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் கடற்படை தன் கடைசி முன்னணி சீ ஹாக் பிரிவைக் கலைத்தது. அவர்கள் பெட்டியில் எடுத்து வைத்த ஆண்டில் நாம் எடுத்து உடுத்தினோம்.

ஆனால் கேள்வியை இப்படியே விட்டுவிட முடியாது. விமானம் பழையதா புதியதா என்பதைத் தனியாகக் கேட்கலாம்; கப்பல் விமானத்தைப் பொறுத்தவரை எந்தத் தளத்தில், எத்தனை மீட்டரில், எந்தக் காற்றில் என்பதைச் சேர்த்தே கேட்க வேண்டும். விக்ராந்தின் ஓடுதளம் ஏறக்குறைய 213 மீட்டர் நீளம், அதில் இருந்தது விமானத்தை இழுத்து ஏவும் நீராவி கேட்டபல்ட் ஒன்றே ஒன்று. அந்த அளவுக்குள் பத்திரமாக ஏறி இறங்கக்கூடிய ஜெட் விமானங்களின் பட்டியல் அன்றைக்கு மிகச் சிறியது.

5 டிசம்பர்

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். இந்த விமானத்தின் இறக்கை நேராக இருக்கும், பின்னால் சாய்ந்திருக்காது. சாய்ந்த இறக்கை வேகத்துக்கு நல்லது என்பது இதை வடிவமைத்த ஹாக்கர் நிறுவனத்துக்குத் தெரியாமல் இல்லை. இதே உடலில் சாய்ந்த இறக்கையைப் பொருத்தி பி.1052 என்ற சோதனை விமானத்தையும் அவர்கள் பறக்கவிட்டார்கள். கடற்படைக்குப் போனது நேர் இறக்கை. அது குறைந்த வேகத்திலும் பிடி தளராமல் நிற்கும். மூக்கு குட்டையாக இருப்பதால் விமானி இறங்கும்போது தளத்தை மறைவில்லாமல் பார்க்கலாம். மேல்நோக்கி மடங்கும் இறக்கைகளால் பன்னிரண்டு மீட்டர் அகலம் நான்கு மீட்டராகச் சுருங்கும். விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் நாங்கள் அவற்றை நகர்த்தி அடுக்கிய நெருக்கத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நான்கு மீட்டரின் அருமை புரியும்.

எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் நீன். ஏறத்தாழ 5,000 பவுண்டு உந்துவிசை. காற்றை அமுக்கும் சக்கரம் மையவிலக்கு வகை என்பதால் எஞ்சின் குள்ளமாகவும் பருமனாகவும் இருக்கும். சாதாரணமாக இப்படிப்பட்ட எஞ்சினின் புகைக்குழாய் உடலின் நடுவே ஓடி வால் வழியாக வெளியேறும். இதிலோ குழாய் இரண்டாகக் கிளைத்து, இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குப் பின்னால் இரு பக்கமும் வெளியேறுகிறது. குழாய் குட்டையாக இருப்பதால் உந்துவிசை வீணாவது குறைவு. வால் பகுதி காலியாவதால் அங்கே எரிபொருள் தொட்டி வைக்க இடம் கிடைத்தது.

ஒரு துணுக்கு: இதே நீன் எஞ்சினை 1940-களின் இறுதியில் பிரிட்டன் சோவியத் நாட்டுக்கு விற்றது. அதைப் படியெடுத்துத்தான் மிக்-15 பறந்தது. நம் விமானப்படையின் தூஃபானி ஜெட்டில் இருந்ததும் பிரான்ஸில் உரிமம் பெற்றுக் கட்டிய நீன்தான். சீ ஹாக்கைக் கிழம் என்று சொல்பவர்கள் அதன் உறவினர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

6 டிசம்பர்

சூலூர் பக்கத்து வாசகர் ஒருவர், 1960-களின் தொடக்கத்தில் இரட்டை வாலுடைய சீ ஹாக் தன் ஊருக்கு மேல் பறந்ததைச் சிறுவயதில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பறந்தது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் இரட்டை வால் இருந்தால் அது வாம்பயர் என்ற வேறு ஜெட். சீ ஹாக்குக்கு ஒற்றை வால்தான்.

சூலூர் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹன்சா என்ற கடற்படை விமானத்தளம் என்றால் எல்லோரும் கோவாவைத்தான் நினைக்கிறார்கள். கடற்படை ஜெட் பிரிவு 1958-இல் சூலூரில் வாம்பயர்களோடு தொடங்கியது, ஐ.என்.எஸ். ஹன்சா 1961 செப்டம்பர் 5 அன்று அங்கேதான் நிறுவப்பட்டது. கோவா விடுதலைக்குப் பிறகு டபோலிம் ஓடுபாதை கடற்படையின் கைக்கு வந்து, 1964-இல் ஹன்சா அங்கே இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போதே பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கக் கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடல் இல்லாத கொங்கு நாட்டுக்கும் கடற்படை விமானத்துக்கும் இருக்கும் தொடர்பு பலர் நினைப்பதைவிடப் பழையது.

8 டிசம்பர்

இப்போது 1971. இது முழுக்க மூத்தவர்களிடம் கேட்டதும், பிறகு படித்து ஒப்பிட்டதும்.

விமானத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் போரில் உண்மையான தலைவலி கொதிகலன். விக்ராந்தில் நான்கு கொதிகலன்கள். அவற்றில் ஒன்றின் நீர் உருளையில் விரிசல் கண்டதால் அதை மூட்ட முடியாமல் போயிற்று. புதிதாக இருந்தபோது மணிக்கு 24 கடல் மைலுக்கு மேல் ஓடிய கப்பலின் வேகம் ஏறக்குறைய 16 கடல் மைலாகக் குறைக்கப்பட்டது. இந்த நிலையில் அதைப் போருக்கு அனுப்பலாமா என்றே மேலிடத்தில் தயக்கம் இருந்தது.

வேகம் குறைந்தால் விமானத்துக்கு என்ன என்று கேட்கலாம். விமானம் தூக்கிக்கொள்ள இறக்கையின் மேல் இத்தனை வேகத்தில் காற்று ஓட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த வேகம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கேட்டபல்ட் கொடுக்கும் தள்ளு, கப்பல் முன்னோக்கி ஓடும் வேகம், கடலில் வீசும் எதிர்க்காற்று. கப்பலின் பங்கு குறைந்தால் மற்ற இரண்டும் ஈடு செய்ய வேண்டும். வங்கக் கடலில் காற்று அடங்கிக் கிடக்கும் நாட்களில் எதிர்க்காற்றை நம்ப முடியாது. கேட்டபல்ட்டுக்கு வேண்டிய நீராவியோ அதே மூன்று கொதிகலன்களிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு விமானத்தை ஏவும்போதும் கப்பலை ஓட்டும் சுழலிக்குப் போகும் நீராவியில் கை வைக்கிறோம். ஆகக் கடைசியில் விட்டுக்கொடுக்க வேண்டியது எடையைத்தான், அதாவது எரிபொருளிலும் குண்டிலும் கொஞ்சம்.

மிகுதியாக ஏற்றினாலும் ஏழு டன்னைச் சற்றே தாண்டும் சீ ஹாக், நேர் இறக்கையோடு இருந்ததால்தான் இந்தக் கணக்கு நேராயிற்று. அந்தக் காலத்தின் ‘நவீன’ ஒலிமிஞ்சு விமானம் ஒன்றை அதே தளத்தில் வைத்திருந்தால் அது ஹேங்கரை விட்டு வெளியே வந்திருக்காது. கேள்வி கேட்டவருக்கு என் பதில் இவ்வளவுதான்: காலாவதியானது என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அந்தக் குணம்தான் நொண்டிக் கப்பலிலிருந்து அதைப் பறக்க வைத்தது.

9 டிசம்பர்

‘நொண்டிக் கப்பல்’ என்று எழுதியதற்கு விக்ராந்தில் பணியாற்றிய பெரியவர் ஒருவர் என்னைக் கண்டித்து எழுதியிருக்கிறார். கொதிகலன் அறையில் வேலை பார்த்தவராம். அவருக்கு அந்த உரிமை உண்டு. மேலே தளத்தில் நின்றவர்களுக்குப் பதக்கமும் படமும் கிடைத்தன. கீழே வெப்பத்தில் நின்று, விரிசல் விட்ட உருளைக்கு அருகே மற்ற மூன்றை மூட்டிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. சொல்லை மாற்றப் போவதில்லை, ஆனால் வணக்கம்.

11 டிசம்பர்

“எதிர்த்து ஏற ஒரு விமானமும் இல்லை” என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். பத்தாம் தேதி நிலவரத்தை நான்காம் தேதிக்குப் பொருத்துவதால் வரும் குழப்பம் இது.

டிசம்பர் 4 காலை எட்டு சீ ஹாக்குகள் கரையிலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவில் கப்பலை விட்டுக் கிளம்பி, அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்றே சிட்டகாங்கையும் தாக்கினார்கள். அந்த நேரத்தில் டாக்கா தேஜ்கான் தளத்தில் பாகிஸ்தானின் 14-ஆம் படைப்பிரிவு சேபர் விமானங்களோடு முழுதாக இருந்தது. நம் விமானப்படை தேஜ்கான் ஓடுபாதையை மீண்டும் மீண்டும் குண்டு வீசிக் குழிகளாக்கியதால்தான் அந்த சேபர்கள் 6, 7 தேதிகளுக்குள் தரையோடு முடங்கின. முதல் நாள் காலை கிளம்பிய விமானிகளுக்கு அது நடக்கப் போவது தெரியாது. சேபர் ஒன்று குறுக்கே வந்திருந்தால் சீ ஹாக்குக்கு எளிதாக இருந்திருக்காது. சாய்ந்த இறக்கை, கூடுதல் வேகம் எல்லாம் அதன் பக்கம்.

தரையிலிருந்து சுட்ட பீரங்கிகள் இருந்தன. அடி வாங்கித் திரும்பிய விமானங்கள் உண்டு. ஆனால் எதிரியின் சுடுதலில் ஒரு சீ ஹாக்கைக்கூட இழக்கவில்லை. படைப்பிரிவுத் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் கப்பல் தலைவர் கேப்டன் சுவராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. காக்ஸ் பஜார், சிட்டகாங் தவிர குல்னா, மோங்ளா ஆகியவையும் தாக்கப்பட்டன. இரவு வேலையை டர்போபிராப் அலிஸே விமானங்கள் எடுத்துக்கொண்டன. சீ ஹாக்கில் ரேடார் இல்லை என்று கேட்டவர் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது.

12 டிசம்பர்

சென்னைக்கு இதில் தொடர்பு உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. 1971-இன் நடுவில் விக்ராந்த் சென்னைக்கு வந்து, பிறகு விசாகப்பட்டினம் போய், கடைசியில் அந்தமானில் மறைவாக நிறுத்தப்பட்டது. அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கிக்கு விக்ராந்த் இன்னும் இந்தக் கரைப்பக்கம்தான் இருக்கிறது என்று தோன்றும்படி கிழக்குக் கடற்படைத் தலைமையகம் வேண்டுமென்றே தகவல்களைக் கசியவிட்டது. பழைய ராஜ்புத் நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, விக்ராந்த் போல வானொலிப் பேச்சை நடத்த வைத்தார்கள். இந்த நாடகத்தை நடத்திய வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். காஜி டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இந்தியத் தரப்பும் பாகிஸ்தான் தரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

எங்கள் பேச்சுக்கு வேண்டியது வேறு. காஜி மூழ்கிய செய்தி சில நாட்கள் கழித்தே உறுதியானது. அதுவரை மணிக்கு 16 கடல் மைலில் ஊர்ந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் விமானம் ஏவக் காற்றின் திசைக்கு நேராக ஓடிக்கொண்டிருந்த கப்பலில், நீர்மூழ்கி எங்கோ இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் வேலை செய்தார்கள்.

16 டிசம்பர்

தளத்து வேலை எப்படி இருக்கும் என்று இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். இது என் கை பட்ட பகுதி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே சொன்ன இரட்டைப் புகைக்குழாய் பொறியாளருக்கு அழகு. தரையில் நிற்பவனுக்குத் தொல்லை. சக்கரத்துக்கு அணை கொடுக்கும் சாக்கை எடுக்கப் போகிறவன் இறக்கைக்குக் கீழே குனிகிறான். அவனுக்கு முன்னால், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், காற்றை உள்ளே இழுக்கும் வாய், பின்னால் சூட்டை வெளியே தள்ளும் வாய். இரண்டும் அவனிடமிருந்து ஒரு சில அடி தூரத்தில். எடுத்தவுடன் முன்னாலும் போகக்கூடாது, பின்னாலும் போகக்கூடாது. இறக்கை நுனிப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அந்தப் பக்கம் அடுத்த விமானம் இறக்கையை விரித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கும். பேச்சு கேட்காது, எல்லாம் கை சைகைதான். புதிதாக வந்தவனின் தோளை மூத்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்பார். என் தோளையும் அப்படிப் பிடித்திருந்தார்கள், பல நாள்.

விமானத்தை கேட்டபல்ட்டில் மாட்டுவது இன்னொரு கலை. அடிவயிற்றுக் கொக்கிகளில் கம்பிவடம் ஒன்றை மாட்டி, அதன் நடுப்பகுதியை தளத்தின் பிளவில் ஓடும் கொம்பில் கோப்போம். இதற்கு ஸ்ட்ராப் என்று பெயர். வாலுக்குப் பின்னால் இன்னொரு பிடிப்பு, விமானத்தை நிறுத்தி வைக்கும். விமானி எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றிய பிறகும் பின்பிடிப்பு அசையாது. நீராவி பாய்ந்து இழுக்கும்போதுதான் அதில் உள்ள வளையம் அறுபடும். அந்த வளையம் குறித்த இழுவிசையில்தான் அறுபட வேண்டும், முன்னாலும் கூடாது பின்னாலும் கூடாது. போர் விமானத்தின் பெருமை பேசுகிறவர்கள் எவரும் அந்த வளையத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கும்போது, சரியான உயரத்தைக் காட்டும் கண்ணாடி விளக்கைப் பார்த்துக்கொண்டு விமானி வருவார். தளம் இடப்பக்கம் சாய்ந்த கோணத்தில் வரையப்பட்டிருப்பதால், வால் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்காமல் போனால் முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்களில் மோதாமல் மறுபடி ஏறிவிடலாம். ஆனால் மையவிலக்கு வகை நீன் எஞ்சின் சோம்பேறி; விசையைத் திறந்தவுடன் பாய்ந்து எழாது. எனவே இறங்கும் போதே சுழற்சியைக் குறைக்காமல் வருவார்கள், சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் விசையை முழுக்கத் திறப்பார்கள். கம்பி பிடித்த விமானம் முழு உறுமலோடு நிற்கும் காட்சி, வெளியே இருந்து பார்ப்பவருக்கு விமானி ஏதோ தவறு செய்துவிட்டது போலத் தோன்றும்.

20 டிசம்பர்

தன் பஜாஜ் வண்டியில் விக்ராந்த் இரும்பு இருப்பதால் அதற்கும் சீ ஹாக் ரத்தம் ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2014-இல் உடைக்கப்பட்ட கப்பலின் உலோகம் அந்த வண்டியின் பெட்ரோல் தொட்டியில் சேர்ந்தது உண்மை. ஆனால் அது கப்பலின் உலோகம். சீ ஹாக்கின் உடல் அலுமினியக் கலவை. உங்கள் வண்டியில் இருப்பது என்னைப் போன்றவர்கள் நடந்து தேய்த்த தளமாக இருக்கலாம், நாங்கள் ஏவிய விமானமாக இருக்காது. மேட்டில் ஏறும்போது மெதுவாக இருந்தால் கொதிகலனைக் குறை சொல்லிக்கொள்ளுங்கள்.

27 டிசம்பர்

மூன்று வாரமாக எழுதியதைத் திரும்பிப் படித்தபோது, புகழ்ச்சிக்கு எதிராகத் தொடங்கிய பேச்சில் நானே புகழ்ச்சிப் பக்கம் நகர்ந்திருப்பது தெரிகிறது. ஆகவே ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்கிறேன்.

சீ ஹாக்கின் முதல் போர் 1971 அல்ல. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து எகிப்திய விமானத்தளங்களைத் தாக்கியது இதே விமானம்தான். நமக்கு வரும் முன்பே இதன் வேலை தரைத்தாக்குதல் என்று தீர்மானமாகிவிட்டது: மூக்கடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், இறக்கையடியில் 500 பவுண்டு குண்டுகள் அல்லது ராக்கெட்டுகள். அந்த வேலைக்குள் நின்றவரை அது நன்றாகச் செய்தது. அதற்கு வெளியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 1971 சான்று ஆகாது. மேற்கே அரபிக் கடலில், கராச்சிக்கு எதிரில், சேபரும் மிராஜும் ஏறக்கூடிய இடத்தில் விக்ராந்தை நிறுத்தாமல் வங்கக் கடலுக்கு அனுப்பியது விமானத்தின் குறையையும் கப்பலின் குறையையும் நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அந்த ஏற்பாட்டுக்கு உரிய பாராட்டை விமானத்தின் கணக்கில் எழுதிவிட்டால், பிறகு அதே விமானத்தை வைத்துக்கொண்டு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டியது ஏன் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

ஓட்டினோம் என்பதும் சரியான சொல் இல்லை, இழுத்தோம். என் காலத்தில் உதிரிப் பாகம் என்பது பெரும்பாலும் இன்னொரு சீ ஹாக்கிலிருந்து கழற்றிய பாகம். மேற்கு ஜெர்மனி கடற்படை கழித்துவிட்ட விமானங்களை 1960-களில் வாங்கியிருந்ததால்தான் அவ்வளவு தூரம் வந்தது. பறக்கும் ஒவ்வொன்றுக்கும் ஹேங்கர் மூலையில் பறக்காத ஒன்று பங்காளியாக நின்றது. விக்ராந்த் 1979-இல் நீண்ட பழுதுபார்ப்புக்குப் போன பிறகு, கரையில் மட்டும் பறந்து 1983-இல் ஓய்வு பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே முதல் சீ ஹாரியர்கள் டபோலிமில் இறங்கின. செங்குத்தாக இறங்கும் விமானத்தை முதல் முறை பார்த்தபோது எங்கள் பிரிவில் பலர் வாய் பிளந்தார்கள். எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஸ்ட்ராப் மாட்டுபவர்களுக்கு இனி என்ன வேலை என்பதுதான்.

3 ஜனவரி 2022

கடைசியாக இரண்டு கேள்விகள். ஒன்று, விக்ராந்தில் பின்னாளில் பொருத்திய, மேல்நோக்கி வளைந்த மூக்குத் தளத்திலிருந்து சீ ஹாக் பறந்திருக்க முடியுமா என்பது. முடியாது. அந்தச் சரிவு ஹாரியர் போலத் தன் எடைக்கு நிகரான உந்துவிசை உள்ள விமானத்துக்கு உதவும். ஏழு டன் விமானத்துக்கு இரண்டரை டன் உந்துவிசைகூட இல்லாத சீ ஹாக்குக்குச் சரிவின் நுனி வரும்போது போதிய வேகமே சேர்ந்திருக்காது. அதற்குக் கேட்டபல்ட் வேண்டும்.

இரண்டாவது, இப்போது எங்கே பார்க்கலாம் என்பது. கோவாவில் டபோலிம் பக்கத்தில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. போகிறவர்கள் மூக்கின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், பக்கவாட்டில் போய் இறக்கை உடலோடு சேரும் இடத்தின் பின்புறம் அந்தப் புகைவாயைப் பாருங்கள். சாக் எடுப்பவன் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று நான் எழுதியது அங்கே நின்றால் விளங்கும்.